அடுத்த வீட்டுக் கால்

கோலை ஊன்றினால் அது தரையில் நிற்க வேண்டும். கழிமேட்டுக்குப்பத்து ஆற்றில் நிற்காது. முழங்கை ஆழத்துக்குச் சாம்பலில் புதையும், பிடுங்கும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும். விடியலுக்கு முந்தைய இருட்டில் செங்குட்டுவன் படகின் முன்னால் நின்று அந்தக் கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அன்புக்கரசி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பின்பக்கத்தைத் தோளால் முட்டித் தள்ளினாள். காலுக்கடியில் களி வழுக்கியது. வாயைத் திறந்தால் கரியும் எண்ணெயும் கலந்த காற்றுதான் உள்ளே போனது.

"மூக்கு கரைப் பக்கம் போவுது பாருய்யா!"

"எனக்குத் தெரியாதாமே? நீ தள்ளு!"

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் வந்தால் இந்தக் குப்பம். குப்பத்துக்கு மேலே, நல்ல தண்ணீர் வந்து சேரும் இடத்தில், உள்மடு என்று ஓர் ஆழம் இருக்கிறது. மீன் தங்குவது அங்கேதான். குப்பத்துக்கும் மடுவுக்கும் நடுவில், ஆற்றில் சாம்பலைக் கொட்டுகிற மின்சாரக் கம்பெனி ஒரு குழாயைக் கரைக்குக் கரை தூண் நட்டுப் போட்டுவிட்டது. வத்தத்தில் தண்ணீர் இறங்கினால் படகின் வயிறு சாம்பலில் உட்கார்ந்துகொள்ளும். ஏத்தத்தில் தண்ணீர் ஏறினால் படகின் மூக்கு குழாயில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் தண்ணீர் அளவாக நிற்கும். அந்த நேரத்தில் தூண்களுக்கு இடையே ஓட்டம் இழுக்கிற இழுப்பில் படகைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. களியிலிருந்து விடுபட்ட படகு ஒரே பாய்ச்சலாகக் குழாயை நோக்கிப் போனது. அன்புக்கரசியின் கை நழுவியது. மூக்கு இடிக்கப் போகிறது என்று பார்த்த செங்குட்டுவன் கோலைப் போட்டுவிட்டுக் குழாயைக் கையால் தள்ளினான். ஓட்டம் படகைத் தூக்கிக் கொடுத்தது. குழாயின் இரும்புப் பட்டைக்கும் படகின் மூக்குக்கும் நடுவில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது.

அவன் கத்தவில்லை. "அன்பு, கொஞ்சம் வாயேன்" என்று மட்டும் சொன்னான்.

அவள் நீந்திப் போய்ப் பிடித்தபோது படகின் நீலப் பெயிண்டெல்லாம் இரத்தமாக இருந்தது.

குப்பத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உள்மடு ஒரே பாடு, ஒரு வலை விடத்தான் இடம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டின் முறை. முறைக்காரன் படகு சூரியன் முகம் காட்டுவதற்குள் மடுவில் நட்ட கழியைத் தொட்டால்தான் அன்று வலை விடலாம். தொடர்ந்து மூன்று முறை எந்தப் படகும் தொடவில்லை என்றால் மடு ஊர்ப் பொதுவில் விழும். அப்புறம் குப்பத்துத் தலைவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அவருக்கு. பஞ்சத்தில் ஓடிப்போனவர்களின் இடம் வீணாகக்கூடாது என்று என்றைக்கோ யாரோ நல்ல மனதோடு வைத்த சட்டம். நல்ல மனதோடு வைத்ததெல்லாம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதானே விஷயம்.

ரஞ்சித்தின் படகு சாம்பலில் தட்டி நின்றது ஒன்று. லூர்துவின் படகு குழாயில் இடித்துத் திரும்பியது இரண்டு. செங்குட்டுவனுடையது மூன்றாவது. ஆனால் இரத்தம் சிந்தினால் அந்த வீட்டுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை முறை கொடுக்க வேண்டும், அதுவரை மடுவில் வேறு யாருக்கும் முறை கிடையாது என்பதும் சட்டம்தான். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

இந்தப் படகுகள் யாரும் வலியத் தலையில் கட்டியவை அல்ல, அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. குப்பத்தாரே போய்த் தேர்ந்தெடுத்தார்கள். போன வருஷம் தலைவர் கோதண்டம் எல்லோரையும் வேனில் ஏற்றிக் காசிமேட்டுப் பக்கம் ஒரு படகுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். பழைய படகைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்ளலாம், கம்பெனி தருகிறது என்றார். அங்கே இரண்டு வகை இருந்தது. ஒன்று தட்டை அடியும் தாழ்ந்த முகமுமாக, ஆற்றுக்கென்று செய்தது. மற்றது அலையைக் கிழிக்க ஆழமான வயிறும் தூக்கிய மூக்குமாகக் கடலுக்குச் செய்தது. "ஆத்துக்கா, கடலுக்கா?" என்று கொட்டகைக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

கடலோரக் குப்பத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவர்களைக் குட்டையில் மீன் பிடிக்கிறவர்கள் என்று கேலி செய்தவர்கள். கல்யாணத்தில் பந்தி போடும்போதுகூட அந்தக் கேலி வரும். அந்தச் சூடு எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. தட்டைப் படகை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. செங்குட்டுவனும் லூர்துவும் ஒரே நீலப் படகின் மூக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். செங்குட்டுவன் ஜெயித்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "மூக்கும் முழியுமா கீது" என்று அன்புக்கரசியும் சிரித்தவள்தான்.

பழைய தட்டைப் படகுகளைக் கோதண்டம் அன்றே வாங்கி உடைத்துவிட்டார். அப்போது ஆற்றில் தூண்கூட எழவில்லை. எவ்வளவு உயரத்தில் எழும் என்று அவருக்குத் தெரியும், தூண் போட ஆள் கொடுத்தவரே அவர்தான். குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கிற கூலி வேலைக்கு ஆள் எடுப்பதும் அவர். புதுப் படகுகள் இருப்பதும் அவர் பேரில். ஒரே ஆள் மூன்று பக்கமும் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் போய் நியாயம் கேட்பது?

செங்குட்டுவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கோதண்டம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"இன்னா செங்குட்டுவா, கை எப்டி கீது?"

"கீது நைனா. ரெண்டு வெரலு தான் இல்ல."

"உடு, உயிரு கீதுல்ல? கம்பெனியில வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சிக்கிறேன். நெழல்ல குந்திகினே சம்பளம் வாங்கலாம்."

அன்புக்கரசி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "அதுக்கு நாங்க இன்னா பண்ணணும் நைனா?"

"ஒண்ணும் பண்ண வாணாம்மா. அத்தத்தான் சொல்ல வந்தேன். வெள்ளிக்கெழம ஒண்ணும் பண்ணாம கம்னு வூட்ல இருங்க."

"மடு போய்டும்."

"சாம்பலு ரொம்பிப்போன குட்ட அது. அதுல கம்பெனிக்காரன் நாலு தூணு போட்டா உங்களுக்கு இன்னா கெட்டுப்போச்சு?"

"கொழாயக் கொஞ்சம் தூக்கிப் போடச் சொல்லு நைனா. நாங்க பாட்டுக்குப் போய்க்கினு வந்துகினு இருக்கோம்."

"கொழாயின்னா இன்னா துணி காயப்போட்ற கயிறுன்னு நெனச்சிக்கினியா, அவுத்துத் தூக்கிக் கட்றதுக்கு?"

"அப்ப படகையாவது மாத்திக் குடு. பழைய மாரி தட்டையா."

கோதண்டம் சிரித்தார். "நீங்களே தொட்டுத் தடவி எடுத்த படகும்மா. எம் மேல ஏன் சொல்ற? இன்னொண்ணு. படகு எம்பேர்ல கீது. வெள்ளிக்கெழம எதுனா பேஜாரு பண்ணீங்கன்னா படகும் இல்ல, வாட்ச்மேன் வேலையும் இல்ல. யோசிச்சிக்கோ."

அவர் போன பிறகு செங்குட்டுவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "நீங்களே தொட்டுத் தடவி எடுத்த படகு" என்ற சொல்தான் இருவருக்கும் விரல் போனதைவிட அதிகமாக வலித்தது. கம்பெனியின் சங்கு ஊதியது. கடலுக்குப் போகலாமென்றால் அங்கே வேறு குப்பத்தார் இடம். கூலிக்குப் போகலாமென்றால் அங்கே கோதண்டம். ஆற்றில் மேலே போனால் குழாய், கீழே தரை தட்டும் சாம்பல். எலிப்பொறிக்குள் வைத்த கருவாட்டைத் தாங்களே போய்க் கடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை, நல்ல ஏத்த நேரம். அவன் கைக்கட்டுத் துணியை அலச அன்புக்கரசி கரைக்குப் போனாள். கோதண்டத்தின் கூலிப்படகு பெயிண்ட் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. லூர்து, ரஞ்சித் என்று குப்பத்து ஆம்பிளைகள் பாதிப் பேர் அதில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குழாய் கிட்டே வந்ததும் எல்லோரும் பழக்கமாகத் தலையைக் குனிந்தார்கள். படகு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

அவள் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அதே கொட்டகைப் படகு. அதே மூக்கு. அதே ஏத்தம்.

ஈரத் துணியோடு வீட்டுக்கு ஓடினாள். "யோவ், எந்திரி! நம்ம படகு ஒசரம் இல்லய்யா. லேசா கீது! ஆளில்லாம லேசா கீது! ஆளு ரொம்புனா அமுந்து அடியில பூந்துடும்!"

செங்குட்டுவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்தான். பிறகு முகம் மறுபடி தொங்கிப் போனது. "அது நடக்காதுமே. மொறப் படகுல அடுத்த வூட்டுக் காலு படக்கூடாதே."

அதுவும் சட்டம். முறை நாளில் இன்னொரு வீட்டார் படகில் கால் வைத்தால் மீனில் பங்கு கேட்பார்கள், சண்டை வரும், மண்டை உடையும். முன்னே உடைந்தும் இருக்கிறது. அதனால் முறைப் படகில் புருஷன் பெண்டாட்டி மட்டும்தான். அவரவர் படகு அவரவருக்கு என்று பத்திரமாக ஒதுங்கியதால்தான் ஒவ்வொரு படகும் லேசாக மிதந்து தனித்தனியே போய் முட்டிக்கொண்டது. தினமும் கூலிப்படகில் தலை குனிந்து போகிற லூர்துவுக்கும் ரஞ்சித்துக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். குனிந்த தலைக்குக் குழாய் தெரியாது.

சாயங்காலம் வலைக்கொட்டகையில் எல்லோரும் இருக்கும்போது அன்புக்கரசி போய் நின்றாள். பொம்பளை அங்கே வந்து பேசுவது வழக்கமில்லை. அவளும் வழக்கம் பார்க்கிற நிலையில் இல்லை.

"வெள்ளிக்கெழம எம் மொறை. எல்லாரும் எம் படகுல ஏறணும்" என்றாள்.

"இன்னாமே சொல்ற? ஊர் வழக்கம் தெரியாதா உனக்கு?" என்றான் ரஞ்சித்.

"தெரியும். ஏறுனவங்க அத்தினி பேருக்கும் பங்கு. வர்ற மீனு பூரா பிரிச்சிக்கலாம். எங்களுக்கு ஒரு ஆளு பங்கு போதும். எனக்கு மீனு வாணாம், கழியைத் தொடணும்."

லூர்து அவளைப் பார்க்காமல் வலைக் கண்ணைக் கோர்த்துக்கொண்டே பேசினான். "ஏறலாம். மறுநாளு பெயிண்ட் வேலைக்கு எவன் கூப்புடுவான்? எம் புள்ளைக்கு நாஸ்தா நீ குடுப்பியா?"

"கொழாய் முடிஞ்சா பெயிண்ட் வேலையும் முடிஞ்சிது. அப்பால மடுவும் இருக்காது. அன்னிக்கு இன்னா குடுப்ப உம் புள்ளைக்கு?"

லூர்துவின் பெண்டாட்டி சிலுவையம்மாள் கொட்டகைக்கு வெளியே நண்டு அலசிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள். செங்குட்டுவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்து லூர்துவின் எதிரே குந்தினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அந்த மூக்குக்காகத்தானேடா நாம பேச்ச நிறுத்துனோம்? பாரு. ரெண்டு வெரலக் கேட்டு வாங்கிக்கிச்சு. உன்னுதா இருந்தா உன் வெரலு போயிருக்கும். எனக்கு அவ்ளோதான்டா தெரியும்."

லூர்து வலையைக் கீழே வைத்தான். கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே அன்புக்கரசி படகை இறக்கினாள். தண்ணீர் முட்ட முட்ட ஏறியிருந்தது. இன்றைக்குச் சாம்பல் தொந்தரவில்லை, குழாய்தான். செங்குட்டுவன் நல்ல கையால் பக்கப் பலகையைப் பிடித்து உட்கார்ந்தான். முதலில் சிலுவையம்மாள் வந்தாள், புடவையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு. "அவுரு வருவாரான்னு தெரியாது அன்பு. நான் வந்துட்டேன்" என்றாள். படகின் விளிம்பில் காலைத் தூக்கியவள் ஒரு கணம் தயங்கி, பிறகு அழுத்தமாகவே வைத்தாள். அடுத்த வீட்டுக் கால் முறைப் படகில் பட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ரஞ்சித்தின் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மீன் எடுக்க விடிகாலை ஷேர் ஆட்டோவில் வருகிற ஜன்னத்தக்கா கூடையோடு வந்து நின்று விஷயத்தைக் கேட்டாள். கொஞ்சம் பெருத்த உடம்பு.

"ஆளு கனம் தானே வேணும்? இம்மாம் நாளா இந்த ஒடம்ப சும்மா தூக்கிகினு அலஞ்சேன். நவுருங்கடி" என்று ஏறி முன்னால் குந்தினாள். படகு நன்றாகவே அமிழ்ந்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

குழாயருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. மூக்கு இன்னும் இடித்தது. நாலு விரல் அளவு. வெறும் நாலு விரல்.

கரை மேட்டில் டார்ச் வெளிச்சம் வந்தது. கோதண்டம். பக்கத்தில் அவருடைய கூலிப்படகு அன்றைய ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தது. லூர்து அதில் இருந்தான். ரஞ்சித்தும் இருந்தான்.

"நல்லா கீதும்மா உங்க ஊர்கோலம்" என்றார் கோதண்டம். "வழக்கத்த மீறிக் கால வச்சிட்டீங்க. தொட்டாலும் செல்லாது."

"பங்கு சண்ட வரக்கூடாதுன்னு வச்ச வழக்கம் நைனா. நாங்க பங்கு பேசிட்டுத்தான் ஏறிக்கிறோம். சண்ட எங்க கீது, காட்டு."

"வாய் நீளுது. இதோ பாருங்க, அந்தப் படகுல இன்னொருத்தன் கால வச்சான்னா நாளைக்கு அவன் வேலைக்கு வர வாணாம். சொல்ட்டேன்!"

கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. கூலிப்படகு குழாய்க்குப் போகும் வழியில் அன்புக்கரசியின் படகை உரசிக்கொண்டு நகர்ந்தது. அப்போது லூர்து எழுந்தான். இரண்டு படகின் விளிம்பையும் கையால் சேர்த்துப் பிடித்தான்.

"நாளைக்கு இன்னா நைனா நாளைக்கு? இன்னிக்கே வர்ல" என்று சொல்லி இந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தான். "டேய் செங்குட்டுவா, கொஞ்சம் நவுந்து குந்து."

அவன் பின்னால் ரஞ்சித் வந்தான். அப்புறம் ஒவ்வொருவராக. ஏறுகிறவர்களைப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அன்புக்கரசியின் படகு அமிழ அமிழக் கூலிப்படகு மேலே எழும்பியது. ஓட்டுகிறவன் மட்டும் மிஞ்சிய அந்தப் படகு குழாயில் போய் ணங்கென்று மூக்கை இடித்து நின்றது. கோதண்டம் அதைப் பார்த்தார்.

"குனி! எல்லாரும் குனி!"

ஒருவர் முதுகில் ஒருவர் முகம் வைத்துப் படுத்தார்கள். வியர்வையும் மீன் வாடையும் ஜன்னத்தக்காவின் வெற்றிலை வாசமும் ஒன்றாக அடித்தன. குழாயின் அடிவயிறு அவர்கள் தலைக்குமேல் உரசியும் உரசாமலும் நகர்ந்தது. முந்தின நாள் லூர்து அடித்த பெயிண்ட் இன்னும் காயவில்லை, கையூன்றித் தள்ளியவர்கள் உள்ளங்கையெல்லாம் ஒட்டியது. அன்புக்கரசி மல்லாக்கப் படுத்து இரண்டு காலாலும் குழாயை உதைத்துத் தள்ளினாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது. யாரோ கையாலேயே இறைத்தார்கள். மூக்கு வெளியே வந்தது.

மடுவில் தண்ணீர் வேறு நிறமாக இருந்தது. செங்குட்டுவன் கையில் கோலில்லை. நல்ல கையை நீட்டிக் கழியைப் பிடித்து இழுத்துப் படகின் மூக்கோடு சேர்த்து வைத்தான். சூரியன் இன்னும் வரவில்லை. அன்புக்கரசிக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதாள், அதற்காக வெட்கப்படவும் இல்லை.

வலையில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் மடவை, கொஞ்சம் இறால். பிரித்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி வரும். "எம்பங்க எங்கிட்டயே நான் காசு குடுத்து வாங்கணுமா?" என்று ஜன்னத்தக்கா அலுத்துக்கொண்டாள்.

தூரத்தில் கோதண்டம் மேட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரையோ வரவழைக்கிறார். கம்பெனி ஆட்களாக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம். படகு அவர் பேரில். குழாய் அங்கேயேதான் இருக்கிறது. ரஞ்சித் அதைப் பார்த்துவிட்டு உள்கரையைக் கண்ணால் அளந்தான்.

"நான் இப்படியே கரையேறி, கொல்லப் பக்கமா நடந்து போய்டவா?" என்றான் மெதுவாக.

"தண்ணி இன்னும் எறங்கல" என்றாள் அன்புக்கரசி. "நீ எறங்கிட்டா மூக்கு மறுபடி இடிக்கும்."

ரஞ்சித் குழாயைப் பார்த்தான். படகிலிருந்தவர்களைப் பார்த்தான். உட்கார்ந்துகொண்டான்.

"கொழாயத் தூக்கற வரைக்கும் பெயிண்ட் டப்பாவ எவனும் தொடக்கூடாது" என்றான் லூர்து. "அடுத்தாப்ல எம் மொறை வரும். இதே கணக்கா வந்து குந்துங்க. செங்குட்டுவா, நீ முன்னாடி."

அன்புக்கரசி கோலை ஊன்றிப் படகைத் திருப்பினாள். கோதண்டத்தின் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். திரும்பிப் போவதற்கும் அத்தனை பேரும் வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.